வார்டனம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

நாமக்கல்லைச் சுற்றி இருக்கும் பெரிய பள்ளிக்கூடங்களில் ஒன்றில் அறிவுச்செல்வி பெண்கள் விடுதி வார்டன். எங்கெங்கோ இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பெற்றவர்கள் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூக்கைச் சிந்தியபடி போய்விடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் இவள்தான். இருட்டோடு எழுப்ப வேண்டும். தலை எண்ண வேண்டும். சாப்பிடாதவளை அதட்டிச் சாப்பிட வைக்க வேண்டும். வீட்டு நினைப்பில் மூலையில் உட்கார்ந்து அழுகிறவளை முதலில் திட்டிவிட்டு, பிறகு தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும். படுக்கப் போகுமுன் மறுபடி தலை எண்ண வேண்டும். நடுவில் எந்த நேரத்தில் போன் அடித்தாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். முழுத் தூக்கம் என்று ஒன்றைத் தூங்கி வருஷக்கணக்காகிவிட்டது. உட்கார்ந்தால் கண் சொக்கும், நின்றால் கால் கடுக்கும். இரண்டையும் வெளியே காட்டாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பெற்ற இரண்டும் புதுச்சத்திரத்தில் இருந்தன. இனியனும் தீபிகாவும் இரட்டைப் பிள்ளைகள், இன்னும் மூன்று வயது நிறையவில்லை. புதுச்சத்திரம் ஒன்றும் கண்காணாத சீமையில் இல்லை, பஸ் ஏறிக் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆனால் வார்டன் என்றால் விடுதியிலேயே தங்கியாக வேண்டும். வாரத்தில் ஒரு ராத்திரி, மாதத்தில் ஒரு ஞாயிறு, அவ்வளவுதான் வீடு. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் ஜோதி, அறிவுச்செல்வியின் கணவன் காளிதாஸுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தட்டித் தூங்க வைப்பது எல்லாம் அவள் கைதான். அந்தப் பக்கத்து வழக்கப்படி அறிவுச்செல்வி அவளை நங்கை என்று கூப்பிடுவாள். நங்கையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். அது தெரிந்ததால்தான் சில நாள் அறிவுச்செல்விக்கு எரிச்சல் இன்னும் கூடுதலாக வரும்.

இனியன் யார் கையில் கொடுத்தாலும் போவான், அவனுக்கு ஒரு முறுக்கு போதும். தீபிகா அப்படியில்லை. கொஞ்ச நாளாக அம்மாவைக் கண்டால் அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு கத்துகிறாள். ஒரு தடவையாவது அந்தக் குழந்தை தானாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன்னிடம் வந்துவிட வேண்டும். அறிவுச்செல்வி ஆசைப்பட்டதெல்லாம் இவ்வளவுதான். மாசி பிறந்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பரீட்சைக் காலம். பரீட்சை முடிகிறவரை வார்டன்கள் லீவு என்று வாயைத் திறக்க முடியாது. அதற்கு முன் அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

பெற்றவர்கள் பார்க்க வருகிற நாளில்தான் அவள் அந்த வண்டியைப் பார்த்தாள். அன்றைக்கு விடுதி மரத்தடியெல்லாம் பாயும் பாத்திரமுமாகக் கோயில் விசேஷம் போல இருக்கும். சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக் கடைக்குட்டி, தீபிகா வயசுதான் இருக்கும், பெடலே இல்லாத ஒரு குட்டி சைக்கிளில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி மைதானத்தைச் சுற்றி வந்தது. சுற்றி முடித்ததும் நேராகப் போய் அம்மாவின் முழங்காலில் முட்டி நின்றது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தாமலே அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள். அறிவுச்செல்வி பக்கத்தில் போய் அந்த வண்டிக்குப் பேர் என்ன என்று கேட்டாள். பேலன்ஸ் பைக்காம். அனுமதி கேட்டுப் போனில் ஒரு படமும் பிடித்துக்கொண்டாள்.

காளிதாஸ் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். படத்தைக் காட்டியதும் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இதென்ன புள்ள, ஊதுனாப் பறந்துரும்போல இருக்குது. நம்ம பொடுசுக ஏறுனா ஒரு நாளைக்குத் தாங்காது. நானே பண்ணிப்போடறேன்."

"ஏனுங்க, அது லேசாத்தான் இருக்கோணுமாட்ட இருக்குதுங்க. சின்னக் காலு."

"லேசா இருந்தா ஒடையும். எனக்கே சொல்லித் தர்றியா?"

அவனுக்குச் சொல்லித்தர யாரால் முடியும். பட்டறைக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. முக்காலி செய்தாலும் அது முழு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்த் திரும்பி வர வேண்டும் என்று நினைப்பார்கள். லாரிக்கு வெட்டியது போக மிஞ்சிய இரும்புக் குழாயும் பட்டையும் சேர்த்து அவன் பற்றவைத்தான். பட்டறையில் இருந்த டிராலியின் சக்கரங்களைக் கழற்றி மாட்டினான். பெயின்ட் அடிக்கிறவர் தன் பங்குக்கு முகப்பில் தகடு வைத்து, கொடியும் பூவும் போட்டு, ஒன்றில் தீபிகா என்றும் ஒன்றில் இனியன் என்றும் எழுதினார். பின்னால் மின்னுகிற ஸ்டிக்கர், குட்டி மட்கார்டு, கண்ணேறு படாமல் இருக்கக் கறுப்புக் கயிறு. கடைசியில் பட்டறை மேஸ்திரி ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று, இரண்டு தரம் குதித்துப் பார்த்து, ஆடவில்லை என்று சொல்லி இறங்கினார். குழந்தையை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் பூஜை. புது வண்டி என்றால் பூஜை போடாமல் எடுக்க அந்த ஊரில் யாருக்கும் மனசு வராது. ஜோதி மஞ்சள் குங்குமம் வைத்தாள், சூடம் காட்டினாள், நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். காளிதாஸ் குனிந்து வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினான். பழம் நசுங்கிச் சாறு தெறித்ததும் இரண்டு பிள்ளைகளும் கைதட்டிக் கூத்தாடின. வண்டி ஓட்டுவது என்றால் பழம் நசுக்குவது என்றுதான் இரண்டும் அன்றைக்குப் புரிந்துகொண்டன. அறிவுச்செல்வி இதையெல்லாம் விடுதியில் இருந்தபடி வீடியோவில் பார்த்தாள்.

எங்கே போவது என்பதுதான் அடுத்த பாடு. ஏற்காடு என்றாள் அவள். மேடும் பள்ளமும், வண்டி உருண்டால் யார் பிடிப்பது என்றான் காளிதாஸ். பூங்கா என்றாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடமிருக்காது என்றான். வீட்டுக்கு முன்னால் ரோட்டில் விடலாம் என்றால் லாரியும், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியும் கண்மண் தெரியாமல் போகிற ஊர். கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சேலத்தைத் தாண்டி ஏற்காட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம், புதிதாக மனை பிரித்துப் போட்டிருந்தார்கள். தார் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு வீடுகூட இன்னும் எழவில்லை, அவனோடு முன்பு பட்டறையில் இருந்த மாரியப்பன்தான் அங்கே வாட்ச்மேன். அறிவுச்செல்விக்குப் பிடித்துவிட்டது. வேறு யாரும் இல்லாத இடம்.

"நாம நாலு பேரு மட்டும் போலாமுங்க. நங்கைக்கும் ஒரு நாளைக்கு ரெஸ்ட்டா இருக்கும். நீங்களே சொல்லிப்போடுங்க," என்றாள். சொல்லிவிடுகிறேன் என்றான். ஆம்பளைகள் சொல்லிவிடுகிறேன் என்றால் அது எந்த லட்சணத்தில் நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு விடியுமுன் அவள் வந்து சேர்ந்தாள். முந்தின ராத்திரி ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்ததில் கண்ணே மூடவில்லை. வந்த வேகத்தில் லைட்டைப் போட்டு, கைதட்டி, "எந்திரி எந்திரி, டைம் ஆச்சு!" என்றாள். விடுதியில் இந்தக் குரலுக்கு ஒரு கூடமே எழுந்து பல் விளக்கப் போகும். இங்கே இரண்டு பொடுசுகளும் ஒரே நேரத்தில் வாய்விட்டு அழுதன. ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், ஆளுக்கொரு தொப்பி, சட்டையில் பேரும் போன் நம்பரும் எழுதிக் குத்திய சீட்டு என்று எல்லாம் விடுதிச் சுற்றுலா முறைப்படி தயாராகக் கொண்டுவந்திருந்தாள். தீபிகா அந்தச் சீட்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

பட்டறை முதலாளியின் ஆம்னி வேன் வாசலில் நின்றது. ஜோதி வெளியே வந்தாள். நல்ல நாளுக்குக் கட்டுகிற ஊதாச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். ஒரு கையில் புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிய தூக்குப்போசி. மறு கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம், வழியில் குமட்டினால் மோந்து பார்ப்பதற்கு. அறிவுச்செல்வி கணவனைப் பார்த்தாள். அவன் திடீரென்று டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தான்.

அந்த ஒரு பார்வையிலேயே ஜோதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எனக்கு முட்டி வலிக்குது சாமி. நீங்க போயிட்டு வாங்க. சோத்த மட்டும் எடுத்துக்கங்க," என்று போசியை நீட்டிவிட்டுத் திரும்பினாள். தீபிகா ஓடிப்போய் அவள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, ஊரே எழுந்துவிடுகிற மாதிரி அலறினாள்.

போகட்டும், அழுதால் அழட்டும், பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும் என்று ஒரு மனசு சொன்னது. ஊதாச் சேலையைப் பார்க்கப் பார்க்க இன்னொரு மனசு கூசியது. "நீங்களும் வாங்க நங்கை. நீங்க இல்லாம எப்படி," என்றாள் அறிவுச்செல்வி. சொன்ன வார்த்தைக்கும் முகத்துக்கும் ஒட்டவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. ஜோதி ஏறி, பின்சீட்டின் கடைசி மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தீபிகா அவள் மடியில். ராசிபுரம் தாண்டி, மல்லூரில் இனியன் காலையில் குடித்த பாலையெல்லாம் அம்மாவின் மேல் வாந்தி எடுத்தான். துடைத்துக்கொண்டே போனாள்.

இடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. கறுகறுவென்று ரோடு, ஓரத்தில் மனைக்கல், காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகள், நடுவில் வெட்டாமல் விட்ட ஒரு வேப்பமரம், பின்னாலேயே மலை. காளிதாஸ் வண்டிகளைத் தம் கட்டி இறக்கினான். பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்து, விலகி நின்று, "ம், போ சாமி!" என்றான்.

இனியன் காலை உந்தினான். வண்டி அசையவில்லை. மறுபடி உந்தினான், முகம் சிவந்துபோயிற்று. வண்டி ஒரு முழம் நகர்ந்து, அலுத்துப்போய் நின்றுவிட்டது. தீபிகா முயற்சிகூடச் செய்யவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, இது தானாகப் போகும் என்று காத்திருந்தாள்.

மாரியப்பன் வந்து ஒரு கையால் தூக்கப் பார்த்தார், பிறகு இரண்டு கையையும் போட்டார். "ஏப்பா காளி, என்னத்தப் போட்டுக் கட்டுன? இதுக்கு டிரைவர் மட்டும் பத்தாது, கிளீனரும் வேணும்போல இருக்குதே!"

காளிதாஸின் முகம் தொங்கிப்போயிற்று. "நாந்தான் சொன்னனே," என்று அறிவுச்செல்விக்கு வாய் வரை வந்தது. அவன் கைகளில் பற்றவைத்த நெருப்புப் பட்ட பொட்டுப் பொட்டான தழும்புகளைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஜோதியின் பையைக் கண்டுபிடித்துவிட்டன. எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்தின் அடியில் வைப்பது, அப்பாவைத் தள்ளச் சொல்வது, சாறு தெறித்ததும் கைதட்டுவது, அடுத்த பழம். புது ரோடெல்லாம் புளிப்பு வாசனை. பை காலியாகிறவரை எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அறிவுச்செல்வி அந்த மைதானத்துக் குழந்தையை மறக்க முடியாமல் வந்திருந்தாள். ரோட்டின் மறுகோடியில் போய் நின்றுகொண்டாள்.

"மொதல்ல இனியன். அப்பறம் தீபிகா. நேராப் பாரு. கால ஊனு. அந்தப் பக்கம் பாக்காத. தீபிகா, சொன்னாக் கேக்கோணும்!"

ஆளில்லாத அந்த வெளியில் அவள் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அது அம்மாவின் குரலாக இல்லை, வார்டன் குரல்தான் என்று அவள் காதுக்கே கேட்டது. நிறுத்தத் தெரியவில்லை. தீபிகா ஒரு காலை ஊன்றினாள், மறு காலை எடுத்தாள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவளோடு சேர்ந்து விழுந்தது. முட்டியில் தோல் வழன்று ரத்தம் துளிர்த்தது. அறிவுச்செல்வி ஓடிவந்து, தாரில் மண்டியிட்டு, இரண்டு கையையும் விரித்தாள். குழந்தை எழுந்து நின்றது. உதடு கோணி, அம்மாவை ஒரு தரம் பார்த்தது. அப்புறம் அந்த விரித்த கைகளைச் சுற்றிக்கொண்டு ஓடி, ஜோதியின் காலைக் கட்டிக்கொண்டது.

ஜோதி தூக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை, ஏதோ திருடி அகப்பட்டவளைப் போல நின்றாள். "வலில வந்துட்டா அம்மிணி. மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க நங்கை," என்று எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, வேப்பமரத்தடியில் விரித்திருந்த பாய்க்குப் போனாள். பெற்றவள் நான், ஒரு நாளுக்காக ஒரு மாதம் காத்திருந்தவள் நான், ஒரே ஒரு நாள் கேட்டேன், அதுவும் இப்படி ஆயிற்றே என்று இருந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. மற்றவர்கள் பார்க்காதபடி சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். கொஞ்சம் அழுதுவிட்டு எழுந்து சோறு போடலாம் என்றுதான் நினைத்தாள். அழுகை பாதியில் இருக்கும்போதே தூக்கம் வந்து அவளை அடித்துப்போட்டுவிட்டது.

விழித்தபோது வெயில் மரத்தின் மறுபக்கம் போயிருந்தது. தலைப்பு முகத்தில் இல்லை. எங்கே இருக்கிறோம் என்றே சற்று நேரம் விளங்கவில்லை. பொழுதையெல்லாம் தூங்கியே தொலைத்துவிட்டேனே என்று பதறி எழப் பார்த்தாள். வலது கை வரவில்லை. மரத்துப்போய்க் கிடந்தது. அந்தக் கையின் மேல் தீபிகாவின் தலை இருந்தது. வாயைத் திறந்துகொண்டு, எச்சில் வழிய, ஒரு காலைத் தூக்கி அம்மாவின் வயிற்றில் போட்டுக்கொண்டு தூங்கினாள். பக்கத்தில் அவளுடைய செருப்பு இரண்டும் இடம் மாறிக் கழன்று கிடந்தன.

பாயின் ஓரத்தில் ஜோதி உட்கார்ந்து, தட்டால் இரண்டு பேருக்கும் விசிறிக்கொண்டிருந்தாள். தூரத்தில் காளிதாஸும் மாரியப்பனும் வண்டியின் முன்னால் கயிறு கட்டி இழுக்க, இனியன் ராஜா மாதிரி உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தான்.

"நீங்களா கொண்டாந்து படுக்க வெச்சீங்க?" அறிவுச்செல்வி வாய்க்குள்ளேயே கேட்டாள்.

"நாந் தொடவே இல்லீயே. சோறு தின்னுட்டு என்ற மடில இருந்தா. எறங்கி வந்து உன்னயச் சுத்திச் சுத்திப் பாத்தா. முந்தானைய வெலக்கி மூஞ்சியப் பாத்தா. அப்பறம் செருப்பக் கழட்டிப்போட்டுட்டு, கைய இழுத்து வெச்சு அவளே படுத்துக்கிட்டா."

"என்னைய எழுப்பியிருக்கலாமில்லீங்க நங்கை?"

"எழுப்பத்தான் வந்தேன். வாய்ல வெரல வெச்சுக்கிட்டு, 'அத்த போ, அம்மா தூங்குது'ன்னு என்னயத் தொரத்திப்போட்டா கழுத." சொல்லும்போது ஜோதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஊதாச் சேலையின் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

அறிவுச்செல்விக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குழந்தை நடந்து வந்த அந்த நாலு எட்டைப் பார்ப்பதற்குத்தான் இத்தனை பாடும். அதைப் பார்க்காமல் தூங்கியிருக்கிறாள். தூங்காமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமும் ஆற்றாமையும் சேர்ந்து நெஞ்சில் பாரமாக உட்கார்ந்தன. கை ஊசி குத்துவதுபோல் குடைந்தது. அசைக்கவில்லை.

தலைமாட்டில் போன் அதிர்ந்தது. விடுதியில் இருந்து மலர்விழி, அவளுக்கு உதவி வார்டன். பொழுது சாய்கிறது, தலை எண்ணுகிற நேரம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்பாள். இரண்டாவது மணியும் அடித்தது. இடது கை போனை நோக்கிப் பழக்கதோஷத்தில் தானாக நீண்டது. தீபிகா தூக்கத்தில் முனகினாள். கை பாதியில் நின்றது.

ஜோதி எட்டிப் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாலடி தள்ளிப் போய், அந்நியரிடம் பேசுகிற மரியாதைக் குரலில் மெதுவாகப் பேசினாள்.

"நான் அவங்க நாத்தனாருங்க. அவங்க தூங்கறாங்கங்க… இல்லீங்க, எழுப்ப முடியாதுங்க. எந்திரிச்சா நானே சொல்றேனுங்க."

போனை அணைத்துக் காலிப் பைக்குள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, தட்டைக் கையில் எடுத்தாள். அறிவுச்செல்வி கண்ணை அகலத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கறே? பொய் சொல்லியிருக்கறேன். கண்ண மூடு."

அறிவுச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.